கேட்டு வாங்காத தோட்டம்

முதலியார்பேட்டையில் அந்தத் தெருவுக்கு வழி கேட்டால், கமலவேணி வீட்டு முன்பக்கத்தைத்தான் அடையாளம் சொல்வார்கள். கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே இரண்டு கட்டில் போடுகிற அளவுக்குத்தான் இடம். அதற்குள் இட்லிப்பூ, காகிதப்பூ, அரளி, டேபிள் ரோஸ், நாலைந்து விதமான குரோட்டன்ஸ், சுவரேறிப் படர்ந்த மணிபிளான்ட். இவற்றில் ஒன்றைக்கூட அவள் நர்சரியில் வாங்கியதில்லை. யாரிடமும் கேட்டு வாங்கியதுமில்லை. எல்லாம் கிள்ளிக்கொண்டு வந்தவை.

கிள்ளிக்கொண்டு வந்தவை என்று நாம் கௌரவமாகச் சொல்லிக்கொள்ளலாம். ஊரில் இதற்குத் திருட்டு என்றுதான் பெயர். ஆனால் செடி விஷயத்தில் மட்டும் ஒரு சலுகை உண்டு. கேட்டு வாங்கின குச்சி வேர் பிடிக்காது, கேட்காமல் கிள்ளினதுதான் தழைக்கும் என்று பல வீடுகளில் நம்புகிறார்கள். மற்றவர்கள் இதை மணிபிளான்ட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். கமலவேணி எல்லாச் செடிக்கும் விரித்துவிட்டாள். காகிதப்பூ, அவள் சமையல் வேலை பார்க்கும் கெஸ்ட் ஹவுசின் பக்கத்து மதிலிலிருந்து வந்தது. இட்லிப்பூ ஒரு மாதா கோயில் வளாகத்திலிருந்து. அரளியைக் கிள்ளிய இடத்தில் காவலுக்கு இருந்தவர் வணக்கம் வேறு சொன்னார்.

கிள்ளுவதற்கு அவள் வைத்திருந்த முறைகளும் உண்டு. கத்தரி ஆகாது, நகம்தான். கிள்ளிய பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது. மண்ணில் நடுகிறவரை அந்த வீட்டாரோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் கேட்டு வாங்கின கணக்காகிவிடும்.

வளர்ப்பதில் அவளைக் குறை சொல்ல வாயில்லை. காகிதப்பூவைக் கொஞ்சம் காயப்போட்டால்தான் பூக்கும், இரக்கப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் இலைதான் மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். குரோட்டன்ஸ் நிறம் மங்கினால் தொட்டியை வெயிலுக்கு நகர்த்துவாள். போர் தண்ணீரின் உப்பில் இட்லிப்பூ மஞ்சளித்தபோது, குடிக்கப் பிடித்த தண்ணீரில் அதற்கும் பங்கு வைத்தாள். மாவுப்பூச்சி வந்தால் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து, ஒவ்வொரு இலையையும் புரட்டித் துடைப்பாள். "எனக்கு ஒருநாளாச்சும் இப்பிடி முதுகு தேச்சு வுட்டிருக்கியாடி?" என்பார் அவள் கணவர் கோவிந்தராசு. வேலை பார்த்த மில் மூடிய பிறகு ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருப்பவர். பதில் வராது என்று தெரிந்தவராகையால் கேட்டுவிட்டு டூட்டிக்குக் கிளம்பிவிடுவார்.

இவர்களின் ஒரே பையன் இளம்பரிதி. பைக் ஷோரூமில் மெக்கானிக். அவனுக்குக் கருவடிக்குப்பத்தில் ஒரு பெண் இருப்பதாகத் தூரத்து உறவான குஞ்சம்மாள் சொன்னாள். பெண் பெயர் கவிநிலா, ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மூன்று பேரும் குஞ்சம்மாளோடு போய்ப் பார்த்தார்கள். பெண் காபி கொண்டுவந்தாள். எந்நேரமும் போனை நோண்டுகிற இளம்பரிதி அதைச் சட்டைப் பையில் போட்டான். கோவிந்தராசு அதைக் கவனித்துச் சிரித்துக்கொண்டார்.

கமலவேணி கவனிக்கவில்லை. அவள் கண் ஜன்னல் வழியாக முன்பக்கத் தொட்டியில் இருந்தது. அங்கே ஒரு குரோட்டன்ஸ். இலைகள் ரிப்பன் மாதிரி முறுக்கிக்கொண்டு, கறுப்பும் சிவப்புமாக, நடுவில் மஞ்சள் கோடு ஓடி. அப்படியொன்றை அவள் எங்கும் கண்டதில்லை. பெண்ணின் அம்மா அமுதவல்லியும் செடிப் பைத்தியம் என்பது முன்பக்கத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

விடைபெறும் நேரம். எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள். கமலவேணி ஒரு நொடி பின்தங்கினாள். நகம் பாய்ந்தது. குச்சி கைப்பைக்குள் போனது, அவர்களே கொடுத்த வெற்றிலை பாக்குக்குப் பக்கத்தில். அதன்பின் முறைப்படி வாயை மூடிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "போய்ட்டு வரோம்" என்று சொன்னவர் கோவிந்தராசு மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் குச்சியை எடுத்தாள். வடிந்த பாலைத் துடைத்து, இலைகளைப் பாதியாக நறுக்கி, மணலும் தேங்காய்நார்த் தூளும் கலந்த டம்ளரில் ஊன்றி, மேலே பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து நிழலில் வைத்தாள். வழக்கப்படி பெண் பார்த்துவிட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார்தான் பிடித்திருக்கிறதா இல்லையா என்று சொல்லி அனுப்ப வேண்டும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் குஞ்சம்மாள் போன் செய்தாள்.

"யக்கா, அவங்க வூட்டு கேட்டு மேல கேமரா இருக்குதாம். நீ செடியக் கிள்ளனது அப்பிடியே வுழுந்திருக்குதாம். என்னாக்கா இது?"

கமலவேணிக்கு உடம்பெல்லாம் கூசியது. இத்தனை வருடம் கிள்ளியதில் ஒருநாளும் வராத வெட்கம் அன்றைக்கு மொத்தமாக வந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. எந்த முகத்தோடு அந்த வீட்டுக்குச் சேதி சொல்லி அனுப்புவது? அவர்களே ஏதாவது சொல்லட்டும், திட்டினாலும் சரி என்று விட்டுவிட்டாள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"என்னம்மா, சொல்லி அனுப்பிச்சியா? எனக்குப் புடிச்சிருக்குது," என்றான் இளம்பரிதி.

"அவங்க என்னா சொல்றாங்கன்னு பாப்பம்."

அவனும் பார்த்தான். வாரங்கள் போயின. தன்னைத்தான் பிடிக்கவில்லை போல என்று அவனாகவே முடிவுக்கு வந்தான். ஷோரூமிலிருந்து நேரம் கழித்து வந்து, போட்டதைத் தின்றுவிட்டுப் படுத்தான். நிழலில் இருந்த குச்சி மட்டும் ஜோராக வேர் பிடித்து, செக்கச்செவேலென்று துளிர்விட்டது. கமலவேணிக்கு அதன் பக்கம் போகவே பிடிக்கவில்லை. தண்ணீரைத் தள்ளி நின்று தெளித்தாள்.

பிறகு குஞ்சம்மாள் நேரில் வந்து சொன்னாள். "வில்லியனூர்லேர்ந்து ஒரு மாப்ள வூட்டுக்காரங்க வராங்களாம், வர்ற வாரம்."

அன்று இரவு பையனின் தட்டில் பாதி அப்படியே இருந்தது. அவன் ஒன்றும் குறை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மறுநாள் மதியம் கெஸ்ட் ஹவுஸ் வேலையை முடித்துக்கொண்டு, வீட்டில் சொல்லாமல், கருவடிக்குப்பத்துக்கு பஸ் ஏறினாள்.

அமுதவல்லி வாசலில் உட்கார்ந்து காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கேட் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். "வாங்க" என்று சொல்ல ஒரு நிமிடம் ஆயிற்று. ஆனாலும் சொன்னாள். உள்ளே கூப்பிடவில்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

கமலவேணி உட்காரவில்லை. "அந்தச் செடி..." என்று ஆரம்பித்தாள்.

"செடி கெடக்குது வுடுங்க. மழைக்கு நாலு துளிர் வுடும். கேட்டிருந்தா தொட்டியோட குடுத்திருப்பேன். ஏன் கேக்கல?"

கேட்டு வாங்கினால் வேர் பிடிக்காது என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனையோ பேரிடம் சிரித்துக்கொண்டே சொன்ன பதில். அமுதவல்லியின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

"மில் மூடுன வருசம் பையன் கைக்கொழந்த. பக்கத்துல ஒரு வூட்டு வாசப்படில நின்னு அரிசி கேட்டேன். மூட்ட கண்ணு முன்னாடி இருக்குது, இல்லன்னாங்க. அதுலேர்ந்து யாருகிட்டயும் எதுவும் கேக்க வரல எனக்கு. ஒரு குச்சி கேக்கக்கூட வாய் வரல."

கோவிந்தராசுக்குக்கூட இது தெரியாது. சொல்லி முடித்த பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அமுதவல்லி கையிலிருந்த சருகைக் கீழே போட்டாள்.

"நாங்க என்னா நெனச்சோம் தெரியுமா? வந்தீங்க, பாத்தீங்க. போறப்ப ஒரு வார்த்த சொல்லிக்கல, திரும்பிக்கூடப் பாக்கல. அப்பறம் ஒரு சேதியும் இல்ல. செடி புடிச்சிருந்துது, எடுத்துகிட்டுப் போய்ட்டாங்க. பொண்ணு புடிக்கல, வுட்டுட்டுப் போய்ட்டாங்கன்னு எம் பொண்ணு சொன்னா. சிரிச்சிகிட்டேதான் சொன்னா. ராத்திரி அழுதா."

கமலவேணிக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. திருடி என்று நினைத்திருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் செத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணைப் பற்றி அவள் ஒருநாளும் யோசிக்கவில்லை.

"இப்ப எதுக்கு வந்தீங்க?" என்றாள் அமுதவல்லி.

பஸ்ஸில் வரும்போது ஒத்திகை பார்த்த வாக்கியம் எதுவும் வரவில்லை.

"உங்க பொண்ணக் கேட்டு வந்திருக்கேன். எம் பையனுக்குக் குடுங்க அண்ணி."

அமுதவல்லி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். உள்ளே அதுவரை கேட்டுக்கொண்டிருந்த டிவி சத்தம் நின்றுபோயிருந்தது.

"ஞாயித்துக்கெழம அவங்கப்பா வூட்ல இருப்பாரு. உங்க வூட்டுக்காரரையும் பையனையும் அழச்சிகிட்டு வாங்க. தட்டோட வந்து அவருகிட்ட மொறையா கேளுங்க."

"இன்னொரு தடவ கேக்கணுமா?"

"கேக்கணும். எல்லார் முன்னாலயும் கேக்கணும். எம் பொண்ணு காதுல வுழணும்."

கமலவேணி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கேக்கறேன்," என்றாள்.