ஹெட்டி வீட்டுக் கத்தரிப்பு

ராவன்டேல் மலைச்சரிவில் ஒருத்தியைப் பற்றிச் சொல்லக்கூடிய மிகப் பெரிய வார்த்தை, ‘மக் இன் பண்றவ’ என்பதுதான். சாணியோ சகதியோ, சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு கூடமாட இறங்குகிறவள் என்று பொருள். அதைத் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளக் கூடாது. முகத்துக்கு நேரே சொன்னால் முகஸ்துதி. முதுகுக்குப் பின்னால் சொன்னால்தான் மதிப்பு. மற்ற ஊர்களில் முதுகுக்குப் பின்னால் வேறு என்னென்னவோ பேசுவார்கள். எங்கள் ஊர் இப்படி.

ஹெட்டி டைசனுக்கு அந்தப் பெயர் கிடைக்க வழியே இருக்கவில்லை. அவள் புருஷன் வில்ஃப் எவர் பண்ணைக்கும் ஆடு கத்தரிக்கப் போனதில்லை. அவன் பண்ணைக்கும் எவரும் வந்ததில்லை. பனிக்காலத்தில் அவன் செத்துப்போனான். கோடை வந்ததும் ஹெட்டி, அழைக்காமலே ஒவ்வொரு பண்ணைக்கும் போனாள். கத்தரி பிடிக்கத் தெரியாது. ஆகவே எவரும் தொட விரும்பாத வேலையை எடுத்துக்கொண்டாள்: ஆட்டின் வாலடியில் காய்ந்து தொங்கும் சாணிக்கட்டிகளை வெட்டியெறிவது. ‘பரவாயில்லையே’ என்று ஊரில் ஒரு வாய்கூடச் சொல்லவில்லை.

மற்ற பண்ணைகளெல்லாம் முடிந்து, இன்று அவள் ஆடுகளைக் கத்தரிக்க வேண்டிய முறை. நாளை மழை என்றார்கள். நனைந்த ஆட்டைக் கத்தரிக்க முடியாது. விட்டுவைத்தால் வெக்கையில் புழு வைத்துவிடும். ஆனாலும் அவள் எவரையும் கூப்பிடவில்லை, அவ்வளவு ரோஷம். ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டுப் பெரிய கெட்டிலை அடுப்பில் ஏற்றினாள். அது கொதித்து ஆறியது. மறுபடி ஏற்றினாள். படலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நாய் குரைத்தது. படலைத் தள்ளிக்கொண்டு நேதன் பிர்க்கெட் வந்தார், ஊரிலேயே வாய் நீளமான கிழவர். அவருக்குப் பின்னால் ஊரே கத்தரியும் கையுமாக வந்துகொண்டிருந்தது.

“ஏம்மா, ஆட்டை இப்படியா நெருக்கி அடைப்பாங்க? டீயாச்சும் உருப்படியாப் போடுவியா?”

“ரொம்ப நன்றி, நேதன்...”

“அதை நீயே வச்சுக்க. கேக் இருக்கா?”

சாயங்காலம் கம்பளி ஏற்ற வந்த லாரிக்காரன் முற்றத்தைப் பார்த்து அசந்துபோனான்.

“போன வருஷம் இங்க ஒரு ஈ காக்கா இல்லையே, பெரியவரே?”

“போன வருஷம் வில்ஃப் இருந்தான்.” நேதன் கத்தரியைத் துடைத்தார். “இவ அப்படியில்லப்பா. மக் இன் பண்றவ.”

டீ கெட்டிலோடு கதவுக்குப் பின்னால் நின்ற ஹெட்டிக்கு நெஞ்சு விம்மியது. கல்யாணத்தன்றுகூட அவள் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை. காதில் விழுந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. ஓசைப்படாமல் பின்வாங்கி, இருமி, பூட்ஸைத் தட்டித் தட்டி நடந்து வெளியே வந்தாள்.

“டீ ஆறுது,” என்றாள் கடுகடுவென்று. “ஒவ்வொருத்தரையா வெத்தல பாக்கு வச்சு அழைக்கணுமா?”