கீப்பர் சொன்ன பக்கம்

கோல்கீப்பருக்கு வரக்கூடிய ஆபத்துகளில் பெரியது, முன்னால் ஒரு நல்ல ஃபுல் பேக் நிற்பது. அதீபாவுக்கு இது பதினாறு வயதில், எழும்பூர் ஹாக்கி மைதானத்தில், மாநில ஜூனியர் பெண்கள் அணிக்கு ஆள் எடுத்த அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோலுக்குப் பந்து வராமல் அவள் முன்னால் நின்று மறிக்கும் ஃபுல் பேக் ஸ்வர்ணலதா. ஆறாம் வகுப்பிலிருந்து மயிலாப்பூரில் ஒரே பள்ளிக்கூடம், ஒரே பெஞ்சு. அதீபா திருவல்லிக்கேணியிலிருந்து வருவாள், ஸ்வர்ணலதா மேற்கு மாம்பலத்திலிருந்து. சேர்ந்த வருஷமே விளையாட்டு டீச்சர் தங்கபுஷ்பம் ஒரு பழைய ஹெல்மெட்டைத் தூக்கிக் காட்டி, இது எவள் தலைக்குச் சரியாக இருக்கிறதோ அவள்தான் கீப்பர் என்றார். முப்பத்திரண்டு தலைகளில் அதீபாவின் தலைதான் பொருந்தியது. அவளுடைய ஹாக்கி வாழ்க்கை அப்படித்தான் ஆரம்பித்தது. திறமை பிறகு வந்து சேர்ந்துகொண்டது.

ஃபுல் பேக்குக்கு முதுகில் கண் கிடையாது. பின்னால் நிற்கிற கீப்பருக்குத்தான் மைதானம் முழுக்கத் தெரியும். அதனால் கீப்பர் லெஃப்ட், ரைட் என்று கத்தவேண்டும். முன்னால் நிற்பவள் திரும்பிப் பார்க்காமல் அந்தப் பக்கம் ஓடவேண்டும். நின்று யோசித்தால் கோல். ஐந்து வருஷமாக அதீபா கத்தினாள், ஸ்வர்ணலதா ஓடினாள். மற்ற எந்த விஷயத்திலும் ஸ்வர்ணலதா அவள் பேச்சைக் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

அன்றைக்கு ஆறு கீப்பர்கள் வந்திருந்தார்கள். இடம் இரண்டு. ஆளுக்கு அரை மணி நேரம் ஆட்டம். முதல் கால் மணி நேரத்தில் அதீபாவிடம் ஒரு பந்துகூட வரவில்லை. வந்ததையெல்லாம் ஸ்வர்ணலதா வழியிலேயே பிடுங்கித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள். எதிர்க்கோடியில் இருந்த கீப்பர் விழுந்து புரண்டு தடுத்துக்கொண்டிருந்தாள். கேலரியில் உட்கார்ந்திருந்த தேர்வாளர் ஜவஹர் அவளைப் பார்த்துப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார். அதீபா கால் பேடும் மார்புக் கவசமும் கட்டிக்கொண்டு, கல்யாண மண்டபத்தில் யாரும் உட்காராத சோபா மாதிரி வெயிலில் நின்றாள்.

தண்ணீர் குடிக்க விட்டபோது மெல்லக் கேட்டுப்பார்த்தாள்.

"மச்சி, ஒண்ணு ரெண்டு உடேன்டி. நான் இங்க கீறதே அவருக்குத் தெரில."

"உட்டா என் பேரை அடிச்சுருவாரு. போடி."

நியாயமான பதில்தான். நியாயம் அதீபாவுக்கு அந்த நேரத்தில் உதவியாக இல்லை.

ஆட்டம் தொடர்ந்து கொஞ்ச நேரத்தில் வலப்பக்கம், ஸ்வர்ணலதாவின் முதுகுக்குப் பின்னால், எதிரணியின் பதினோராம் நம்பர் தனியாக ஓடிவந்தாள். அதீபா பார்த்தாள். வாயைத் திறந்து, "லெஃப்ட்!" என்று கத்தினாள். வாய் தவறிவிட்டது என்று அவளுக்காகச் சொல்ல எனக்கும் ஆசைதான். தவறவில்லை.

ஸ்வர்ணலதா இடப்பக்கம் ஓடினாள். பந்து வலப்பக்கம் போனது. பதினோராம் நம்பர் அடித்ததை அதீபா காலால் உதைத்து வெளியே தள்ளினாள். ஜவஹர் நிமிர்ந்து உட்கார்ந்து ஏதோ எழுதினார். அதீபாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

கடைசி இரண்டு நிமிஷத்தில் அதே பதினோராம் நம்பர், அதே வலப்பக்கம். "லெஃப்ட்! லெஃப்ட்!" என்றாள் அதீபா. ஸ்வர்ணலதா ஒரு நொடி நின்றாள். பிறகு இடப்பக்கம் ஓடினாள். இந்த முறை அதீபா முழு நீளத்துக்குப் பாய்ந்து கையால் தடுத்தாள். கேலரியில் யாரோ கைதட்டினார்கள்.

மத்தியானம் பயிற்சி முகாமுக்குப் பதினெட்டுப் பெயர்களை வாசித்தார்கள். அதீபா இருந்தாள். ஸ்வர்ணலதா இல்லை.

ஜவஹர் கீழே இறங்கி வந்தார். கேலரிக்குக் குரல்தான் எட்டியிருந்தது, என்ன வார்த்தை என்பது எட்டவில்லை. "நல்லா கத்துறம்மா. கீப்பருக்கு அதான் வேணும்," என்றார். பக்கத்திலிருந்த ஸ்வர்ணலதாவைப் பார்த்து, "நீ ஏம்மா ரெண்டு வாட்டியும் ஆளில்லாத பக்கமா ஓடுன?" என்றார்.

"வெயில் கண்ணுல அடிச்சுச்சு சார்."

அதீபா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து பேடின் வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

மாம்பலம் ரயிலில் ஏற்றிவிட அதீபாவும் எழும்பூர் நிலையத்தில் நின்றபோதுதான் ஸ்வர்ணலதா பேச்சை எடுத்தாள்.

"மொத வாட்டி நீ சொன்னே, நான் போனேன். தப்பா சொல்லிட்டியேன்னு அப்பால பாத்தேன்."

"ரெண்டாவது வாட்டி?"

"அவ ரைட்ல வந்துகினு கீறது எனக்கே தெரிஞ்சுச்சு."

"அப்புறம் இன்னாத்துக்குடி போனே?"

"நீ கத்துன கத்துல உன் உசுரே இருந்துச்சு. எனக்குன்னு கத்தல, உனக்குன்னு கத்துறன்னு புரிஞ்சுச்சு. உன்னாண்டதான் ஒரு பந்துக்கு மேல வரலையே." ரயில் வந்தது. ஏறப்போனவள் திரும்பினாள். "கேம்ப்ல உன் முன்னாடி எவ நிக்கப்போறாளோ, அவளுக்காவது கரெக்டா சொல்லு."

அதீபாவுக்கு வெட்கமாக இருந்தது. செத்துப்போகலாம் போல இருந்தது. முகாமுக்கு வரமாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு இல்லை.

போனாள். முதல் நாள் பயிற்சி ஆட்டத்தில் அவள் முன்னால் கோவில்பட்டிப் பெண் ஒருத்தி நின்றாள். பெயர்கூட இன்னும் தெரியாது. வலப்பக்கம் ஒரு ஆள் ஓடிவந்தாள். அதீபா பார்த்தாள். "ரைட்!" என்று கத்தினாள். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்காமல் வலப்பக்கம் ஓடினாள். பந்து அங்கேதான் வந்தது; வாங்கித் திருப்பி அடித்துவிட்டு, யாரென்றே தெரியாத கீப்பருக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அதீபா அழுதுகொண்டிருந்தாள்.