பசளை போடாத பாத்தி

"அம்மா, கத்தரிக்கண்டுக்கும் பசிக்குமா?" என்று கௌசலா சிறுமியாய் இருந்தபோது கேட்டாள். "பசிக்கும். வாய்தான் இல்ல" என்றாள் சுப்பம்மா.

கௌசலா இப்போது குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். வெள்ளிக்கிழமை தொலைபேசியில் "சாப்பிட்டியா?" என்று கேட்டால், "ஓம் அம்மா" என்பாள். அந்த "ஓம்" மெய்தானா என்று சுப்பம்மாவால் தொட்டுப் பார்க்க முடிவதில்லை.

ஓமந்தைக்கு அப்பால் இருந்த சுப்பம்மாவின் தோட்டத்தில், பல்கலைக்கழக மாணவி ஷமீலா ஆராய்ச்சிக்காகக் கத்தரி நட்டிருந்தாள். கன்று மண்ணிலிருந்து எவ்வளவு நைதரசன் சத்தை எடுக்கும், அதைக்கொண்டு எவ்வளவு வளரும் என்று முன்கூட்டியே சொல்லும் கணக்கொன்றை அவள் கணினியில் உருவாக்கிக்கொண்டிருந்தாள். மண் தானாக என்ன கொடுக்கிறது என்று அறிய, ஒரு பாத்திக்கு மட்டும் உரம், எரு என்று எந்தப் பசளையும் போடக்கூடாது.

"பட்டினி போடவா பிள்ள நட்டீங்க?"

"நோன்பு பிடிக்கிற பாத்தி எண்டு நினைச்சுக்கொள்ளுங்கோ அம்மா."

"நோன்புன்னா அந்தியில கஞ்சியாச்சும் குடுப்பீங்களே!"

இருவரும் சிரித்தார்கள். ஆனால் அந்தப் பாத்தி வெளுத்து மஞ்சளானபோது சுப்பம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு மாலை ஆட்டெருவைக் கரைத்து வேரடியில் ஊற்றினாள். பிறகும் பலமுறை ஊற்றினாள். மகளுக்கே பரிமாறுவதுபோல் இருந்தது.

அந்தப் பாத்திக் கன்றுகளைப் பிடுங்கி, காயவைத்து, சோதித்தபோது, மண் மட்டும் கொடுத்திருக்க முடியாத அளவு நைதரசன் அவற்றில் இருந்தது. ஒரு போகத்து வேலை வீண். ஷமீலா தோட்டத்துக்குத் திரும்பி வந்து, குந்தியிருந்து பாத்தியைக் கிளறினாள். கரையாத ஆட்டுப் புழுக்கையொன்று விரலில் பட்டது. நிமிர்ந்தாள். சுப்பம்மாவின் முகம் செத்துக் கிடந்தது.

"என்ன பிழைச்சது?" என்று கேட்டார் கூட வந்த விவசாய அதிகாரி.

"நான்தான் வடிவாக் கவனிக்கேல்லை, சேர். அடுத்த போகம் திரும்ப நடுறன்" என்ற ஷமீலா, புழுக்கையை மண்ணுக்குள் அழுத்தினாள். "அம்மா, தேத்தண்ணி ஒண்டு தாங்கோவன்."

ஒருவர் முகம் வாடாமல் காப்பதும் தானம்தான். கடவுள் அதைக் காணாமல் விடுவதில்லை.

அடுத்த போகம் தோட்டத்தின் எரு படாத மறுகோடியில் பாத்திகள் எழும்பின. இடையில் ஷமீலாவின் உம்மாவுக்குச் சுகமில்லாமல் போக, அவள் புத்தளம் போய்விட்டாள். மழையும் இல்லை. தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் பழுதாயிற்று. பசளை போடாத பாத்தி இம்முறையும் மஞ்சளாகித் தலை சாய்ந்தது. அந்த வெள்ளிக்கிழமை கௌசலாவும் பேசவில்லை.

பொழுது சாயச் சுப்பம்மா வாளியுடன் வந்தாள். எருக்குவியல் கையெட்டும் தூரத்தில் இருந்தது. சற்று நேரம் அதையே பார்த்து நின்றாள். பின் கிணற்றடிக்குப் போய் வாளியைத் தேய்த்துக் கழுவினாள். எரு வாடை இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்து மறுபடியும் கழுவினாள். தோட்டத்தில் வேறு எவரும் இல்லை. வெறுந் தண்ணீரை அள்ளி வந்து, கண் கலங்க, கன்று கன்றாக ஊற்றினாள்.