மச்சாள் ஊத்தின சவுக்காரத் தண்ணி

எனக்குக் கோபம் வந்தால் கதைச்சுத்தான் தீரும். அண்டைக்கு நடந்ததை இப்ப நினைச்சாலும் மேலெல்லாம் பத்துது. இந்தத் தீவிலை, இறுப்பிட்டியிலை பிறந்து, இந்த ஊர்த் தண்ணியைக் குடிச்சு வளந்த ஒரு மனிசி, எங்கட குடிதண்ணி அண்டாவுக்கை சவுக்காரத்தூளைக் கொட்டினவ எண்டு சொன்னால் ஆராவது நம்புவினமோ? கொட்டினவ. கொட்டின அலங்கோலத்தை நான் கண்ணாலை கண்டனான்.

அவ என்ர புருசனுக்கு மூத்த அக்கா, இலட்சுமிப்பிள்ளை மச்சாள். அவவின்ர மனிசனுக்கு மாத்தறையிலை கடை. வருசத்திலை ஒருக்கால் திருவிழாவுக்கு வந்து நிண்டிட்டுப் போவா. அந்த முறை என்ர தங்கச்சி சீதேவியையும் கூட்டிக்கொண்டு போறதெண்டு ஏற்பாடு. சீதேவி எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிப்போட்டுச் சும்மா இருந்தவள். ஐயாவும் அம்மாவும் செத்த பிறகு என்னோடைதான் இருக்கிறாள். "என்னோடை விடும், யோகம். ரைப்பிங் வகுப்பிலை சேத்து விடுறன். ஒரு வருசத்திலை கந்தோரிலை கிளாக்கர் வேலை எடுக்கலாம்" எண்டு மச்சாள் தன்ர வாயாலைதான் சொன்னவ. அதைக் கேட்ட நாள் தொடக்கம் சீதேவி மேசை, அம்மி, கிணத்துக்கட்டு எண்டு கண்ட இடமெல்லாம் ரைப் அடிக்கிற மாதிரி விரலாலை தட்டிக்கொண்டு திரிஞ்சாள். நான் அவளைப் பகிடி பண்ணினாலும் எனக்கும் உள்ளுக்கை பெரிய சந்தோசம். சூட்கேஸ் அடுக்கியாச்சு. திங்கக்கிழமை பயணம்.

ஞாயிற்றுக்கிழமை காலமைதான் இந்த அநியாயம் நடந்தது.

எங்கட வளவுக் கிணறு உவர். கழுவ, மாட்டுக்கு வைக்க உதவும், வாயிலை வைக்க ஏலாது. அந்தத் தண்ணியிலை சவுக்காரம் நுரைக்காது, திரைஞ்ச பால் மாதிரி வெள்ளை வெள்ளையாய்த் திரளும். குடிக்கிறதெண்டால் வயலுக்கு அங்காலை இருக்கிற நல்ல தண்ணிக் கிணத்துக்குத்தான் போகவேணும். பிந்திப் போனால் சேறுதான் மிச்சம். நானும் சீதேவியும் விடியப்பறம் போய், இடுப்பு முறியச் சுமந்து வந்து, விறாந்தை மூலையிலை நிண்ட அண்டாவை நிரப்பினனாங்கள். ஒரு குடம் மிஞ்சினது, அதைப் பக்கத்திலை வச்சம். பிறகு நான் மாட்டைப் பாக்கப் போயிட்டன். சீதேவி குசினிக்கை, அடுப்படியிலை.

மச்சாளுக்குப் பயணத்துக்கு முதல் நைலோன் சீலையளைத் தோய்க்கவேணுமாம். உவர்த் தண்ணி பட்டால் சீலை நிறம் மங்குமாம். சரி, ஒரு வாளி அள்ளியிருக்கலாமெல்லோ? இல்லை. மாத்தறையிலை குழாயைத் திறந்தால் தண்ணி வருகுது, இஞ்சையும் ஆரோ திறந்து விடுறாங்கள் எண்டு நினைப்பு. பக்கற்றோடை தூளை அண்டாவுக்கை கொட்டி, கையாலை கலக்கி, முத்தத்துப் பக்கம் இழுத்திருக்கிறா. அண்டா சரிஞ்சு போச்சு.

சத்தம் கேட்டு ஓடி வந்தன். விறாந்தை முழுக்கச் சவுக்காரத் தண்ணி. அலுமாரிக்குக் கீழை போயிட்டுது, குசினி வாசல் வரைக்கும் ஓடுது. என்ர புருசன் சரவணமுத்து பேப்பர் படிச்சுக்கொண்டு இருந்தவர், காலை ரண்டையும் கதிரைக்கு மேலை தூக்கி வச்சார். அவர் செய்த உதவி அவ்வளவுதான். மச்சாள் என்ன செய்யிறா எண்டால், மிஞ்சி இருந்த அந்த ஒரு குடம் நல்ல தண்ணியையும் தூக்கித் தரையிலை ஊத்துறா. கழுவுறாவாம். நல்ல தண்ணி பட்டால் நுரை குறையுமோ கூடுமோ எண்டு இந்தத் தீவிலை பிறந்த ஒருத்திக்குத் தெரியாதோ? நுரை கணுக்கால் வரைக்கும் பொங்கிப் போச்சு.

"மச்சாள், அது குடிக்கிற தண்ணி" எண்டன்.

"அதுக்கென்ன, பிறகு போய் அள்ளுங்கோவன். முதல் இதுக்கு ஒரு வழியைப் பாரும்."

நாலு வார்த்தை கேக்கத்தான் வாயெடுத்தன். எண்டாலும் தங்கச்சியின்ர எதிர்காலம் இந்த மனிசியின்ர கையிலை இருக்கு. வாயை மூடிக்கொண்டன். நான் வாயை மூடுறது லேசான காரியமில்லை.

சீதேவி சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்தாள். சாக்கைப் போட்டு ஊற வச்சு வெளியிலை கொண்டுபோய்ப் பிழிஞ்சம். அடுப்புச் சாம்பலைத் தூவினம். பிறகு எங்கட உவர்த் தண்ணியை அள்ளி அள்ளி ஊத்த, நுரை அடங்கிச்சுது. ஆனால் சீமெந்திலை வெள்ளையாய் ஒரு ஆடை படிஞ்சு, கால் வைக்க ஏலாத வழுக்கல். சீதேவி தும்புக்கட்டையாலை அதை உரஞ்சி உரஞ்சித் தள்ளினாள்.

மச்சாள் கதிரையிலை ஏறி இருந்து கொண்டு, "மூலையை விட்டிட்டாய் பிள்ளை. அலுமாரியடியையும் பார். எங்கட வீட்டு விறாந்தை இதிலும் பெரிசு, இப்பவே பழகுறது நல்லது" எண்டு சொன்னா. எனக்குக் கேட்டது. பகிடிக்குச் சொல்லுறா எண்டு விட்டிட்டன். என்னைச் செருப்பாலை அடிக்கவேணும்.

அந்த அலுமாரியடியிலைதான் சீதேவி வழுக்கி, வலக்கையை ஊண்டி விழுந்தாள். மணிக்கட்டு கண்ணுக்கு முன்னாலை வீங்கிச்சுது. அவள் அழேல்லை, உதட்டைக் கடிச்சுக்கொண்டு சுவரிலை சாஞ்சாள்.

மச்சாள் கதிரையிலை இருந்தபடியே எட்டிப் பாத்தா. "முறிஞ்சு போச்சோ? வடிவாய்ப் பாரும் யோகம். இவள் வாறாள் எண்டு அங்கை நிண்ட வேலைக்காரப் பொம்பிளையைப் போன மாசமே நிப்பாட்டிப்போட்டனே. இனி ஆர் அரைக்கிறது, ஆர் உடுப்புத் தோய்க்கிறது?"

சீதேவிதான் கேட்டாள், நிதானமாய்க் கேட்டாள்: "அப்ப நான் எந்த நேரம் வகுப்புக்குப் போறது, மச்சாள்?"

"வகுப்பு எங்கை ஓடப்போகுது? முதல் வீட்டு வேலையைப் பிடி. பிறகு பாப்பம்."

நான் புருசனைத் திரும்பிப் பாத்தன். அந்த மனிசன் என்னைப் பாக்காமல் பேப்பரை மடிச்சார். சின்னன் சின்னனாய் மடிச்சார். எனக்கு விளங்கியிட்டுது.

"உங்களுக்கு இது முதலே தெரியும்" எண்டன்.

"அக்காவும் அங்கை உதவிக்கு ஆளில்லாமல் கஸ்ரப்படுறா. சாப்பாட்டுக்குக் குறை வராது தானே" எண்டார்.

சாப்பாடாம். என்ர வீட்டிலை என்ர தங்கச்சி பட்டினி கிடந்தவளோ? பத்து விரலாலையும் தட்டிப் பழகின பிள்ளையை அம்மிக்கு அனுப்ப, அக்காவும் தம்பியும் கூடிப் பேசி முடிச்சிருக்கினம். என்னட்டைக் கேக்க ஒரு நாயில்லை. சூட்கேஸுக்குக் கயிறு கட்டித் தந்தவரும் இவர்தான். அடக்கி வச்சதெல்லாத்தையும் ரண்டு பேருக்கும் சேத்துக் கொட்டினன். பக்கத்து வளவுச் செல்லாச்சி வேலிக்குள்ளாலை பாக்கிறா எண்டு தெரிஞ்சும் நிப்பாட்டேல்லை. கேக்கட்டும், ஊரே கேக்கட்டும்.

நான் மூச்சு வாங்கேக்கை சீதேவி எழும்பினாள். இடக்கையாலை தும்புக்கட்டையை எடுத்து, வழுக்கலைப் பாத்துப் பாத்து நடந்து போய், என்ர புருசனுக்கு முன்னாலை நீட்டினாள்.

"எனக்குக் கை ஏலாது அத்தான். மிச்சத்தை நீங்கள் கூட்டுங்கோ. உங்கட அக்காவுக்கு ஆளில்லை எல்லோ."

அவர் காலைக் கீழை இறக்கி, அதை வாங்கினார்.