கட்டுப்பாட்டுக் குழு

சத்யப்பிரியா ஒரு காலத்தில் மாவட்ட அணிக்குக் கபடி ஆடியவள். இப்போது ஒரகடம் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். அங்கே இயக்குவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. காலையில் கேட்டில் நின்று, தாமதமாக வரும் மாணவர்களின் அடையாள அட்டையைப் பிடுங்கி வைப்பாள். விழா நாட்களில் குத்துவிளக்குக்குத் திரி போடுவாள். விளையாட்டுக்கு என்று அட்டவணையில் இருந்த நேரத்தைக் கணிதத் துறை எடுத்துக்கொண்டது. மைதானத்தைக் கல்லூரிப் பேருந்துகள் எடுத்துக்கொண்டன.

ஒரு நாள் கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். முனைவர் பட்டம் இல்லாத இயக்குநரை வைத்துக்கொண்டிருந்தால் தரமதிப்பீட்டுக் குழு என்ன நினைக்கும் என்று கேட்டார். திரி போட எதற்கு முனைவர் பட்டம் என்று கேட்க அவளுக்கு வாய் வரை வந்தது. வேலை முக்கியம் என்பதால் விழுங்கிக்கொண்டு, பல்கலைக்கழகத்தில் பதிவு செய்துகொண்டாள்.

அவளுக்கு வாய்த்த நெறியாளர் முனைவர் சங்கரநாராயணன். விளையாட்டு உளவியலில் பெரிய பெயர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அதை அவர் ஊதி யாரும் கேட்டதில்லை. வாழ்நாளில் எந்த விளையாட்டையும் அவர் ஆடியதில்லை. யாராவது அதைச் சுட்டிக்காட்டினால், “பிரசவம் பாக்கற டாக்டர் எல்லாம் பிள்ளை பெத்தவங்களா?” என்று கேட்டுவிட்டு, தானே முதலில் சிரிப்பார். ‘பதற்றத்தை வெல்வது எப்படி’ என்று நாடு முழுக்கப் பேசியவர், காரில் ஒரகடம் மேம்பாலம் ஏறும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டு டிரைவரைத் திட்டுவார்.

தலைப்பை அவரே கொடுத்தார்: பெண் கபடி வீரர்களின் தன்னம்பிக்கையிலும் ஆட்டத்திறனிலும் மனக்காட்சிப் பயிற்சியின் விளைவு. கண்ணை மூடிக்கொண்டு, ரெய்டு போவதையும் ஆளைத் தொட்டுவிட்டுத் திரும்புவதையும் மனதுக்குள்ளேயே பார்க்க வேண்டும். அதுதான் பயிற்சி.

“விளைவு நல்லா இருக்கும்னு முதல் அத்தியாயத்துலயே எழுதிடும்மா” என்றார்.

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே சார்?”

“முடிவு தெரிஞ்சப்புறம்தாம்மா ஆராய்ச்சிய ஆரம்பிக்கணும். இல்லேன்னா அது எங்க போய் நிக்கும்னு யாருக்குத் தெரியும்?”

கல்லூரியில் கபடி ஆடும் பெண்கள் இல்லை. ஆனால் வல்லம் வடகாலில், கார்களுக்கு ஒயர் பின்னும் ஒரு கம்பெனியில் இருந்தார்கள். ஷிப்ட் முடிந்ததும் பார்க்கிங்குக்குப் பின்னால் இருந்த காலி மண்ணில் கோடு கிழித்து ஆடுவார்கள். கம்பெனியின் மனிதவள மேலாளர் தணிகாசலம் உடனே சம்மதித்தார். ஆராய்ச்சி என்றால் போட்டோ எடுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

முதல் நாள் சத்யப்பிரியா கேள்வித்தாள் கொடுத்தாள். ஆங்கிலத்திலிருந்து சங்கரநாராயணனே மொழிபெயர்த்தது. ‘எனது செயல்திறன் சார்ந்த சுயநிச்சயத்தன்மையை நான் போட்டிக்கு முந்தைய சூழலில் உணர்கிறேன்’ என்பது முதல் வாக்கியம். எப்போதும், அடிக்கடி, சில நேரம், ஒருபோதும் இல்லை என்று நான்கு கட்டங்கள்.

வல்லக்கோட்டையிலிருந்து வேலைக்கு வரும் ஜாஸ்மின் அதை இரண்டு முறை வாசித்தாள். “இன்னா மேடம் கேக்குது இது?”

“பயமா இருக்கா, தைரியமா இருக்கான்னு கேக்குது.”

“அத்த அப்டியே கேக்க வேண்டிதானே? யார் வேணான்னது?”

பக்கத்தில் இருந்தவள் மாரிசெல்வி. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, கம்பெனி ஹாஸ்டலில் தங்கியிருப்பவள். “மேடம், ‘தெரியல’ன்னு ஒரு கட்டம் இல்லையே?” என்றாள்.

“இல்ல.”

“அப்போ தெரிஞ்ச மாதிரியே எழுதணுமாக்கும். அப்ப இது பரீட்சைதான்” என்று சொல்லிவிட்டு, ஜாஸ்மினின் தாளைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.

உள்ளூர்ப் பெண்கள் சோதனைக் குழு, ஹாஸ்டல் பெண்கள் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டுக் குழு என்று சங்கரநாராயணன் பிரித்தார். சோதனைக் குழு மைதானத்தில் கால் வைக்கக் கூடாது, மனக்காட்சி மட்டும்தான். கட்டுப்பாட்டுக் குழு வழக்கம்போல ஆடிக்கொண்டிருக்கலாம்.

சத்யப்பிரியாவுக்கு இது இடித்தது. “ஆட்டத்தோட சேத்துச் செஞ்சாத்தான சார் இது பலன் குடுக்கும்?”

“ரெண்டையும் சேத்தா எது வேலை செஞ்சுதுன்னு எப்படிம்மா சொல்றது? நீ இன்னும் ஆட்டக்காரியாவே யோசிக்கிற.”

மாரிசெல்விக்கோ பெயரே பிடிக்கவில்லை. “எங்களுக்கு மட்டும் எதுக்கு மேடம் கட்டுப்பாடு? அதான் ஹாஸ்டல்ல வேண்டிய மட்டும் கெடக்கே. போன் பேச ஒரு நேரம், வெளிய போக ஒரு நேரம். இங்கயும் வந்து கட்டுப்பாடுன்னு சொல்லுதிய.”

சோதனைக் குழுவுக்குக் கம்பெனியின் பயிற்சிக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். ஏசி ஓடியது, பாய் விரித்திருந்தது. ஒலிபெருக்கியில் சங்கரநாராயணனின் குரல்: “இப்போது நீங்கள் நடுக்கோட்டை நோக்கி நடக்கிறீர்கள். உங்கள் உள்ளத்தில் ஒரு சிங்கம் கண் விழிக்கிறது…” ஷிப்ட் முழுக்க நின்றே வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள். அங்கே ஒரு சிங்கமும் விழிக்கவில்லை. முதல் நாளே ஜாஸ்மின் குறட்டை விட்டாள். எழுப்பப் போன சத்யப்பிரியா, அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தாள். பிறகு யாரையும் அவள் எழுப்பவில்லை.

வெளியே, மைதானம் முழுக்கக் கட்டுப்பாட்டுக் குழுவுக்கு. உள்ளே ஏசியில் படுத்திருப்பவர்களை நினைக்க நினைக்க அவர்களுக்கு வேகம் வந்தது. அந்த வேகத்திலேயே ஒருத்தியை ஒருத்தி தூக்கிப் போட்டுப் பழகினார்கள்.

பயிற்சிக் காலம் முடிந்ததும் இரு குழுவும் மோதின. நன்றாகத் தூங்கி எழுந்த சோதனைக் குழு மிகுந்த தன்னம்பிக்கையோடு களத்தில் இறங்கியது. கேள்வித்தாளிலும் எல்லாருக்கும் ‘எப்போதும்’தான். ஆனால் ரெய்டு போனவள் எவளும் திரும்பி வரவில்லை. கடைசியில் ஜாஸ்மினைக் காலைப் பிடித்து இழுத்து, மாரிசெல்வி மேலே ஏறி உட்கார்ந்துகொண்டாள். “சிங்கத்தக் கூப்புடு, வருதான்னு பாப்போம்!” என்றாள். ஜாஸ்மினுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சத்யப்பிரியா முடிவுகளை எடுத்துக்கொண்டு நெறியாளரிடம் போனாள். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

“ஒண்ணும் பிரச்சினை இல்ல. குழு பேரை மாத்திடு. ஜெயிச்சவங்க சோதனைக் குழு, தோத்தவங்க கட்டுப்பாட்டுக் குழு.”

“சார், அது பொய் இல்லையா?”

“எண் எதையாவது மாத்தச் சொன்னேனா? எண்ணெல்லாம் உண்மை. பேருங்கறது ஒரு லேபிள்தானேம்மா?”

அவள் தாள்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எழுதவும் மனம் வரவில்லை, மறுக்கவும் தைரியம் வரவில்லை. இன்று எழுதலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். சங்கரநாராயணன் தள்ளிப்போடவில்லை. லேபிளை மாற்றி, தன் பெயரை முதலிலும் அவள் பெயரைக் கடைசியிலும் போட்டு, ஓர் ஆய்விதழில் கட்டுரையை வெளியிட்டுவிட்டார். செய்தித்தாள்களும் அதை எழுதின: கற்பனையே போதும், களம் தேவையில்லை.

அதைப் படித்த தணிகாசலத்துக்குப் பொறி தட்டியது. கபடிக்குக் களம் தேவையில்லை என்றால் டீ இடைவேளைக்கு டீ எதற்கு? கேன்டீனுக்கு நடந்து போய், வரிசையில் நின்று, குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் உற்பத்தி லைன் எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது! மறுவாரமே, இருந்த இடத்திலேயே ‘மனக்காட்சி இடைவேளை’ என்று அறிவித்தார். கண்ணை மூடிக்கொண்டு, சூடான தேநீர் அருந்துவதாக நினைத்துக்கொள்ள வேண்டும். பாதி நேரம் மிச்சம்.

மாரிசெல்வி சத்யப்பிரியாவுக்குப் போன் செய்தாள். குரலில் கேலி இல்லை. “மேடம், நீங்க படிக்கணும்னுதான நாங்க அம்புட்டும் செஞ்சோம்? இப்ப எங்க டீ போச்சு. உங்க சாரு எழுதுனதுனாலதான்னு தணிகாசலம் சார் பேப்பரத் தூக்கிக் காட்டுதாரு.”

அன்று மாலையே சத்யப்பிரியா ஹாஸ்டல் வாசலுக்குப் போனாள். ஜாஸ்மினையும் வரச் சொல்லியிருந்தாள். கட்டுரையில் அவர்களுடைய குழுப் பெயர்களை இடம் மாற்றிவிட்டார்கள் என்பதை மறைக்காமல் சொன்னாள்.

“அப்போ நான் தூங்கிக்கினு ஜெயிச்சேன்னு போட்டுக்கீறாங்களா?” என்றாள் ஜாஸ்மின்.

“இல்ல. மாரிசெல்விதான் தூங்கி ஜெயிச்சா. நீ ஆடித் தோத்த” என்று திருத்தினாள் சத்யப்பிரியா.

“ஏட்டி, நான் முட்டிய ஒடச்சிக்கிட்டு ஆடுனதெல்லாம் தூக்கமா?” என்று மாரிசெல்வி ஜாஸ்மினிடம் கத்தினாள். டீ போனதைவிட இதுதான் அவளுக்கு உறைத்தது.

“நான் பல்கலைக்கழகத்துக்கு உண்மைய எழுதப் போறேன்” என்றாள் சத்யப்பிரியா. “என்ன ஆகும்னு தெரியல.”

“நீங்க எழுதுங்க மேடம்” என்றாள் ஜாஸ்மின். “டீய நாங்க பாத்துக்கறோம்.”

அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஆலையைப் பார்க்க வந்தார்கள். மனக்காட்சி இடைவேளையை அவர்களுக்குச் செய்துகாட்ட தணிகாசலம் ஏற்பாடு செய்து, சங்கரநாராயணனைச் சிறப்பு விருந்தினராக அழைத்திருந்தார். கட்டுரையில் பெயர் இருந்ததால் சத்யப்பிரியாவையும் அழைத்திருந்தார்கள்.

லைனை நிறுத்தினார்கள். சங்கரநாராயணன் மைக்கைப் பிடித்தார். “கண்களை மூடுங்கள். உங்கள் கையில் ஒரு கோப்பை. ஆவி பறக்கிறது. ஒவ்வொரு மிடறாக அருந்துங்கள். உங்கள் மனம் எப்போது நிறைகிறதோ, அப்போது நீங்களாகவே கண் திறக்கலாம். யாரும் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள்.”

எல்லாரும் கண்ணை மூடினார்கள். விருந்தினர்கள் மெதுவாகக் கைதட்டினார்கள். இடைவேளை முடிந்ததற்கான மணி அடித்தது. ஒருத்தியும் கண் திறக்கவில்லை.

சூப்பர்வைசர் லைனை ஓடவிட்டார். ஒயர் பலகைகள் மூடிய கண்களுக்கு முன்னால் வரிசையாகப் போய், கடைசியில் ஒன்றின் மேல் ஒன்றாக முட்டிக்கொண்டு நின்றன. சிவப்பு விளக்கு எரிந்தது. விருந்தினர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கேர்ள்ஸ், டைம் ஆச்சு!” என்றார் தணிகாசலம்.

“இருங்க சார்” என்றாள் ஜாஸ்மின், கண்ணைத் திறக்காமல். “இப்பத்தான் அடுப்புல பாலு வெச்சிக்கினு கீறேன். பொங்கல இன்னும்.”

“எனக்கு வரிசையே நகரல சார்” என்றாள் மாரிசெல்வி. “முன்னால ரொம்பக் கூட்டம்.”

“சார், என்னுதுல சக்கர இல்ல, திருப்பிக் குடுத்துருக்கேன்” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

தணிகாசலம் சங்கரநாராயணனின் காதில், “எழுப்புங்க சார்!” என்றார். பதற்றத்தை வெல்வது பற்றி நாடு முழுக்கப் பேசியவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. “நான் சொன்னதும் கண்ணைத் திறக்க வேண்டும்… ஒன்று, இரண்டு…” என்று எண்ணிப் பார்த்தார். பிறகு அந்த விசிலை வாயில் வைத்து ஊதினார். காற்று மட்டும்தான் வந்தது. அவர் சத்யப்பிரியாவைத் திரும்பிப் பார்த்தார்.

“நீ சொல்லும்மா. உன் ஆராய்ச்சி சப்ஜெக்ட்ஸ்தானே?”

“அவங்களாதான் திறக்கணும்னு சொல்லிட்டீங்களே சார்” என்றாள் அவள். இத்தனை நாளில் அவரிடம் தயங்காமல் பேசியது அன்றுதான்.

தணிகாசலம் கேன்டீனுக்கு ஓடினார். டீ டிரம்மைத் தள்ளுவண்டியில் வைத்து லைனுக்கே கொண்டுவந்தார்கள். அவரே டம்ளரில் பிடித்து நீட்டினார். ஏலக்காய் வாசனை பரவியதும்தான் ஒவ்வொருத்தியாகக் கண் திறந்தாள். நிதானமாகக் குடித்தார்கள். மறுநாள் முதல் பழைய இடைவேளை திரும்ப வந்தது. அதைப் பற்றி எந்த அறிவிப்பும் ஒட்டப்படவில்லை.

சத்யப்பிரியா சொன்னபடியே உண்மையான முடிவுகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினாள். விசாரிக்க ஒரு குழு அமைத்தார்கள். விளையாட்டு உளவியலில் வேறு வல்லுநர் கிடைக்காததால் சங்கரநாராயணனே அதற்குத் தலைவர். தன் மீது தவறில்லை என்று அவர் கண்டறிந்தார். அன்று ஆலையில் நடந்ததைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார்: ‘மனக்காட்சியில் பெண் தொழிலாளர்கள் எய்திய அபூர்வ ஆழ்நிலை’. அதற்கு ஒரு விருதும் கிடைத்தது.

அவளைத் தன் மாணவர் பட்டியலிலிருந்து நீக்கினார். கல்லூரியும் அவளை இயக்குநர் பொறுப்பிலிருந்து உதவி இயக்குநராக இறக்கியது. கேட்டில் நிற்பது மட்டும் மாறவில்லை. புதிய நெறியாளரைத் தேடிக்கொண்டே, மாலையில் பார்க்கிங்குக்குப் பின்னால் போய் இரண்டு குழுவையும் ஒரே அணியாக்கிப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினாள்.

வாலாஜாபாத்தில் நடந்த போட்டிக்கு அணியை அழைத்துப் போனாள். முதல் சுற்றில் ஜெயித்து, இரண்டாவதில் தோற்றார்கள். திரும்பி வரும் பேருந்தில் ஜாஸ்மினும் மாரிசெல்வியும் யாரால் தோற்றோம் என்று ஒரகடம் வரை சண்டை போட்டார்கள். கடைசி ரெய்டில் ஜாஸ்மின், கூடுதல் புள்ளி தரும் போனஸ் கோட்டைத் தாண்டினாளா இல்லையா என்பதில் இருவருமே பிடிவாதமாக இருந்தார்கள். சத்யப்பிரியாவுக்குக் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. “தாண்டிட்டா, நான் பாத்தேன்” என்று சொல்ல முயன்றாள், குரல் வரவில்லை. கையை நீட்டி, இருக்கையின் முதுகில் கோடு போட்டு, கால் எங்கே பட்டது என்று அவர்களுக்குக் காட்டினாள்.