அங்கை எவடம்?

பிரெஞ்சுத் தலைநகரில் ஈழத்தமிழர் கடைபோட்டிருக்கும் லா ஷப்பலில் யாரும் யாரிடமும் முதலில் பெயரைக் கேட்பதில்லை. ஊரைத்தான் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் விட்டுவிடுவார்களா? "அங்கை எவடம்?", அங்கே எந்த இடம், என்று அடுத்தது வரும். கோயிலுக்குக் கிழக்கா மேற்கா, எந்த ஒழுங்கை, ஆருடைய பிள்ளை என்று தோண்டித் தோண்டிச் சாதியைத் தொட்ட பிறகுதான் இந்தப் பெரிய மனிதர்களுக்குத் தேத்தண்ணீர் தொண்டைக்குள் இறங்கும்.

பூரணி இந்தக் கேள்விக்கு இருபது வருடமாகத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தாள். "கிளிநொச்சி" என்பாள். "கிளிநொச்சியிலை எவடம்?" என்றால், அடுப்பில் ஏதோ கருகுகிறது என்று உள்ளே போய்விடுவாள். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சின்னச் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவளுக்கு அடுப்பைப்போல் கைகொடுக்கும் சாட்டு வேறில்லை.

2014 ஐப்பசியில் அந்தச் சாட்டுக்கும் ஆபத்து வந்தது. மகள் தர்மிளாவும் பலசரக்குக்கடை வாமதேவனின் மகன் ஐங்கரனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். வாமதேவன் மறுக்கவில்லை. ஒரு மழை நாள் மத்தியானம் கடைக்கு வந்து, வடையைப் பிட்டுக்கொண்டே மெல்லத் தொடங்கினார்.

"பிள்ளையிலை ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. சொந்தக்காரர் கேட்டால் சொல்லுறதுக்கு ஒரு விபரம் வேணும். கிளிநொச்சியிலை எவடம் எண்டனீங்கள்?"

பூரணி எதிர்க்கதிரையில் இருந்து கணக்குப் பார்த்தாள். பொய் சொன்னால் நாளைக்கே பிடிபடும். உண்மையைச் சொன்னால் மகளின் கலியாணம் இந்த மேசையிலேயே முடிந்துபோகும்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவர் உள்ளே வந்தார். நரைத்த தலைமுடியைப் பின்னியிருந்தார். தலை முதல் கால் வரை நனைந்திருந்தவர், மழைக்கோட்டுக்குள் வட்டமாக எதையோ நனையாமல் அணைத்துப் பிடித்திருந்தார். கல்லாவில் இருந்த தர்மிளா அவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு அம்மாவுக்குச் சொன்னாள். பெயர் ரேமண்டாம். கனடாவின் வடக்கே வாழும் டெனே பழங்குடி மக்களில் ஒருவர். மாலையில் ஒரு மண்டபத்தில் அவர்களுடைய பாட்டு. ஈரத்தில் மேளத்தின் தோல் தொய்ந்துவிட்டது. விடுதியில் மின்னடுப்புத்தான். தெருவால் வரும்போது கண்ணாடி வழியே இங்கே நெருப்புத் தெரிந்ததாம், கொஞ்சம் காய்ச்சலாமா என்று கேட்கிறார்.

"ஒரு நிமிஷம், அண்ணை" என்று பூரணி எழுந்தாள். அடுப்பு இன்றைக்கும் கைவிடவில்லை.

குசினியில், அடுப்புக்கு முன்னால், இன்னொருவர் நிற்க இடமில்லை. அதனால் மேளத்தை அவளே வாங்கினாள். ஒற்றைப் பக்கம் தோல் கட்டிய, தட்டையான மேளம். வாங்கியதுதான் தாமதம், கைகளுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. தோலை நெருப்புக்கு முகம்காட்டி, எட்டப் பிடித்து, மெல்லச் சுற்றினாள். விரலால் தட்டிக் காதைக் கொடுத்தாள். பிறகும் சுற்றினாள். கிட்டப் பிடிக்க வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்த ரேமண்ட், குசினி வாசலில் சாய்ந்து அவளுடைய கைகளைப் பார்த்தார். தோல் இறுகி, குரல் ஏறியது. அவளுடைய விரல்கள் அவளைக் கேளாமலே ஒரு தாளத்தை முழுதாக அடித்து முடித்தன.

ரேமண்ட் சிரித்தார். தான் பெருங்கரடி ஏரிக்கரைக்காரன் என்றார். பாட்டன் வலைபோட்ட குடாவும், அவரைப் புதைத்த மேடும் அங்கேதான் இருக்கின்றன, இந்த மேளத்தின் மரச்சட்டத்தை வளைத்தது தன் தகப்பன் என்றார். பிறகு கேட்டார்.

"நீங்கள் எவடம் எண்டு கேக்கிறார், அம்மா. ஆரிட்டைப் பழகினனீங்களாம்?" என்றாள் தர்மிளா.

வாமதேவன் கேட்டதும் இதைத்தான். ஆனால் இந்த மனிதர் முதலில் தன்னுடையதை முன்னால் வைத்துவிட்டுக் கேட்டார். பூரணிக்கு வெட்கமாக இருந்தது, ஊரை நினைத்து அல்ல, அதை இத்தனை காலம் ஒளித்ததை நினைத்து. வாயைத் திறந்தபோது, அந்தக் கடையில் அதுவரை யாரும் கேட்டிராத அவளுடைய சொந்தப் பேச்சு வந்தது.

"பொகவந்தலாவ பக்கம், மலையில மேல்கணக்குன்னு சொல்ற மேல் பிரிவு. தேயிலைத் தோட்டம். எங்கப்பா பேரு சடையன், தப்புக்காரரு. காலையில அவரு தப்படிச்சாத்தான் அந்த மலையில ஆளு எழும்பும். தீமிதிக்கும் அவருதான், சாவுக்கும் அவருதான். எங்க தாத்தா பாட்டியெல்லாம் அங்கதான் தேயிலைக்கு அடியில கெடக்காங்க. கலவரத்துல கெளம்பி கிளிநொச்சிக்கு வர்ற வரைக்கும் அவரு தப்பைக் காய்ச்சிக் குடுத்தது நானு."

வாமதேவன் கோப்பையை வைத்தார். "தோட்டப் பக்கமோ? தப்படிக்கிற ஆக்களோ?"

"ஓம் அண்ணை. எவடம் எண்டு கேட்டனீங்களெல்லோ, அவடம்தான்."

"வீட்டிலை கதைச்சுப்போட்டுச் சொல்லுறன்" என்று அவர் எழுந்து போனார். அதற்கு என்ன அர்த்தம் என்று லா ஷப்பலில் குழந்தைக்கும் தெரியும்.

பூரணி மேளத்தை ரேமண்டிடம் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தாள்.

"எனக்கு ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்றாள் தர்மிளா. நல்ல கோபம் அது. பதிலுக்கும் காத்திராமல் ஐங்கரனைத் தொலைபேசியில் அழைத்துப் பிரெஞ்சில் பொரிந்து தள்ளினாள். நடுவில் "சடையன்", "தப்பு", "பொகவந்தலாவ" என்று மூன்று சொற்கள் மட்டும் பூரணிக்குப் பிடிபட்டன. தன் தகப்பன் பெயரை மகள் வாயால் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டாள்.

தர்மிளா தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அங்கை எவடமாம், அம்மா? கோடைக்கு லீவு போட்டுட்டு எங்களோடை பொகவந்தலாவைக்கு வரப்போறானாம்."

பூரணி இந்த முறை அடுப்பைப் பார்க்கவில்லை.

"மாரியம்மன் கோயிலுக்கு மேல, கடைசி லயத்து வீடுன்னு சொல்லு" என்றாள்.