முழங்கால் மேல் ரசமட்டம்

சாரத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு, கொத்தனாருக்கு இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. ஆனால் கண்ணை மூடினால் போதும், இடது கால் அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"அதக் கொஞ்சம் இறக்கி விடேன்" என்று ஓயாத நச்சரிப்பு.

"கட்டில்லதாங்க கிடக்கு" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மனைவி, ஒருநாள் அவருடைய ரசமட்டத்தைக் கொண்டுவந்து இரண்டு முழங்காலுக்கும் குறுக்கே வைத்தாள். குமிழி நட்டநடுவில் நின்றது.

முப்பது வருஷம் அதை நம்பியே சுவர் எழுப்பியவர் உற்றுப் பார்த்தார்.

"மட்டம் பொய் சொல்லாது. அப்போ நான்தான் கோணல்."

"அது கட்டிக்கிட்ட அன்னைக்கே தெரியும்" என்றாள்.

அவர் மறுபடி கண்ணை மூடினார். முகம் சுளித்தது. கட்டிலில் கிடந்த அந்தக் காலை அவள் மெல்லத் தூக்கி, பதமாக இறக்கி வைத்தாள்.